தூணைச் சுற்றிப் போன காலடி

5

"சயோ நடந்திருக்க மாட்டா. சத்தியமா நடந்திருக்க மாட்டா," என்றாள் தமாயே. இதை அவள் சொல்வது நான்காவது முறை.

அவள் கையில் ஒரு ஜோடிச் சின்னச் செருப்பு இருந்தது. குழந்தை எங்கே கிடைத்தாலும் வெறுங்காலோடு வீடு திரும்பக்கூடாது என்று எடுத்து வந்தாளாம். இரண்டு மணி நேரமாக அதைக் கீழே வைக்கவில்லை.

கோமே தீவில் இன்று திருவிழா. இரண்டு வருஷத்துக்கு ஒரு விழா, பன்னிரண்டு வீட்டுக்கு முறை. அப்படிப் பார்த்தால் ஒரு குடும்பத்துக்கு இருபத்து நாலு வருஷத்துக்கு ஒரு தடவைதான் வாய்க்கும். இந்த ஆண்டு ஹமாயே குடும்பத்தின் முறை. அந்த வீட்டுக் குழந்தை ஒன்று முகத்தில் வெள்ளை பூசி, நெற்றியில் இரண்டு கறுப்புப் பொட்டு வைத்து, மணி தொங்கும் கிரீடம் சூடி, சாமியின் குதிரையில் ஊர்வலம் போகும். அலங்காரம் முடிந்த நொடியிலிருந்து அதன் கால் மண்ணில் படக்கூடாது. தோளில்தான் தூக்கிப் போவார்கள்.

காலை எட்டு மணிக்குத் தமாயேயின் மகள், ஆறு வயது சயோவுக்கு அலங்காரம் முடிந்தது. அவளைப் பெரிய வீட்டில் மெத்தைமேல் உட்கார வைத்தார்கள். தூக்க ஆட்கள் வந்தபோது மெத்தையில் குழிவு மட்டும் இருந்தது. ஒன்பதரைக்கு மலைமேல் கோயில் படியில் கிரீடம் கிடைத்தது.

தீவின் ஒரே காவலர் கணக்குப் போட்டார். குழந்தை நடக்கக்கூடாது, ஆகவே நடக்கவில்லை. யாரோ தூக்கிப் போயிருக்கிறான். கிரீடத்தை மேலே எறிந்துவிட்டுக் கோயில் வழியாகப் பின்மலைக்குள் ஓடியிருக்கிறான். நாற்பது ஆண்கள் கம்பும் மேளமுமாகப் பின்மலைக்குள் போய்விட்டார்கள். அவர்கள் குரல் எங்களுக்குக் கேட்டது. சயோ, சயோ என்று. பதில் மட்டும் வரவில்லை.

நானும் என் உதவியாளன் இகரியும் முந்தின நாளே ஊர் திரும்பியிருக்க வேண்டியவர்கள். ஒரு சில்லறைத் திருட்டை முடித்துவிட்டு, மழையில் படகு ஓடாததால் தமாயே வாடகைக்கு விடும் மாடி அறையில் தங்கிவிட்டோம். நான் துப்பறிகிறவள் என்பதைத் தவிர அவளுக்கு என்னைப் பற்றி எதுவும் தெரியாது. என் சட்டைக் கையைப் பிடித்துக்கொள்ள அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது.

"அவ அப்பாவுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன், நகுமோ அக்கா? சரக்குக் கப்பல்ல வடக்க போயிருக்கார். புது வருஷத்துக்குத்தான் வருவார். கப்பலுக்குத் தகவல் சொல்லுங்கன்னு பெரியவர்கிட்ட கெஞ்சிட்டேன். டெலிபோன் அவங்க வீட்லதான இருக்கு? விழா முடியட்டும்ங்கறார். புள்ளையையே காணோம், அக்கா. என்ன விழா?"

பெரியவர் என்று அவள் சொன்னது கணவனின் அண்ணன் கியூஸோவை. கோயில் ஏற்றத்தின் அடியில், இரண்டு தூணும் மேலே குறுக்குக் கட்டையுமாக நிற்கும் முதல் தோரிவாயிலுக்கு இந்தப் பக்கம் கூடாரம் போட்டு, விழா உடையில் நின்றுகொண்டிருந்தார். வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் உத்தரவு. நீ மேலே போ. நீ கிணற்றைப் பார். அவர் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார்.

"நாங்க மேல போய்ப் பாக்கறோம்," என்றேன்.

"அங்க எல்லாம் பாத்தாச்சு."

"இன்னொரு தடவை பாக்கறோம்."

அவர் என்னைப் பார்க்காமல் தலையாட்டினார். அவர் கண் தமாயேயின் கையிலிருந்த செருப்பிலேயே இருந்தது.

நானும் தமாயேயும் வாயிலின் ஓரமாகக் குனிந்து வணங்கிவிட்டு உள்ளே நுழைந்தோம். பின்னால் இகரியைக் காணோம். வலதுபக்கத் தூணுக்கு வெளியே, ஈரமான மூங்கில் புதருக்குள்ளிருந்து அவன் தலை தெரிந்தது.

"இகரி, என்ன செய்யறீங்க?"

"நான் இப்படித்தான் வருவேன், மேடம். அத்தை செத்து மூணு வாரம்தான் ஆகுது. சாவுத் தீட்டு, அம்பது நாளைக்கு வாயிலுக்கு அடியில போகக்கூடாதே. உயிரோட இருந்தவரைக்கும் ஒரு நாள் எனக்குக் கதவைத் திறக்காத அத்தை. செத்தும் இந்தக் கதவை அடைச்சிட்டுப் போயிருக்கா."

"இதெல்லாம் நம்பற ஆளா நீங்க?"

"சாமிக்குப் பயமில்ல, மேடம். அத்தைக்குத்தான் பயம்."

வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். தமாயே எங்களுக்கு முன்னால் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டிக்கொண்டிருந்தாள். பின்கழுத்தில் வியர்வை ஒழுகியது. பத்தேமுக்கால் மணி. ஊர்வலம் ஒரு மணிக்கு. அதைப் பற்றி இப்போது யாருக்குக் கவலை என்று நினைத்தேன். ஆனால் கீழே கூடாரத்தில் நின்றவருக்கு இருந்தது. அது என்னை உறுத்தியது.

இந்தக் கோயிலுக்கு மூன்று தோரிவாயில்கள். இரண்டாவதில் இகரி மறுபடி புதருக்குள் இறங்கினான். சறுக்கினான். திட்டினான்.

"இந்த ஊர்ல துக்கக்காரங்க நிறைய போல, மேடம். எனக்கு முன்னாடியே ஒருத்தர் வழி போட்டு வச்சிருக்கார்."

நான் நின்றேன்.

"என்ன சொன்னீங்க?"

"புல்லு சாஞ்சிருக்கு. சேத்துல காலடி இருக்கு. என் கால் இல்ல, என் கால் பெருசு. இது..." அவன் குரலிலிருந்த கேலி பாதியில் அணைந்துபோனது. "மேடம், இங்க வாங்க."

சேற்றில் என் உள்ளங்கையளவே ஒரு பாதம். கட்டைவிரல் தனியாகவும் மற்ற நான்கும் சேர்ந்தும் பதிந்திருந்தன. நடுவில் துணியின் நெசவுகூடத் தெரிந்தது. விழாவுக்குப் போடும் வெள்ளைக் காலுறை. படிக்கட்டில் நூறு பேர் மிதித்த சேற்றில் இதைத் தேடியிருந்தால் கிடைத்திருக்காது. படிக்கட்டில் யாரும் தேடவும் இல்லை. நடக்கக்கூடாத குழந்தையின் காலடியை யார் தேடுவார்கள்?

தமாயே மண்டியிட்டு அந்தப் பாதத்துக்குப் பக்கத்தில் செருப்பை வைத்துப் பார்த்தாள்.

"நடந்திருக்கா," என்றாள் மெதுவாக. "நடந்தே வந்திருக்கா!" அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை என்னால் தாங்க முடியவில்லை. அவளை யாரும் தூக்கிப் போகவில்லை என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரிந்திருந்தது.

நான் ஓடிப்போய் முதல் வாயிலைப் பார்த்தேன். தூணுக்கு வெளியே, இகரியின் பெரிய தடத்துக்குள் பாதி நசுங்கிய ஒரு சின்னத் தடம். பிறகு மேலே ஓடி மூன்றாவதைப் பார்த்தேன். அங்கேயும் அதே வளைவு. தூணை விட்டு ஒரு கை தூரம் விலகி, சுற்றி, மறுபடி படிக்கு. இகரி எப்படி நடந்தானோ அப்படியே.

என் வேலையில் கேவலமான ஒரு நொடி உண்டு. விடை கிடைக்கும் நொடி. அது யாருடைய தலையில் விழப்போகிறது என்று புரிவதற்கு முன்னால், மனசுக்குள் ஒரு சின்ன மணி அடிக்கும். அடித்தது. பிறகுதான் தமாயேயைத் திரும்பிப் பார்த்தேன்.

"ஒரு தடவைன்னா விளையாட்டு," என்றான் இகரி தணிந்த குரலில். "ரெண்டு தடவைன்னா பிடிவாதம். மூணுன்னா..."

"முறை," என்றேன்.

"யார் செத்தது, மேடம்?"

அவன் வாயைப் பொத்த வேண்டும்போல இருந்தது. தமாயே எங்களைத் தாண்டி மேலே ஓடிக்கொண்டிருந்தாள், வாயிலின் அடியிலேயே, எந்தத் தயக்கமும் இல்லாமல்.

கோயில் முற்றத்தில் அவளை எட்டிப் பிடித்தேன். எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. கேட்டேன்.

"தமாயே, சமீபத்துல உங்க சொந்தத்துல யாராவது தவறிட்டாங்களா?"

"இல்லையே. இருந்தா எங்க வீட்டுக்கு இந்த முறையே வந்திருக்காதே. ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான்."

"சும்மா கேக்கற முகமா அக்கா இது?"

நான் திரும்பிக்கொண்டேன். எனக்குப் பதினேழு வயதில் அம்மா இறந்ததை, பரீட்சை கெட்டுவிடும் என்று நான்கு நாள் என்னிடம் மறைத்தார்கள். அந்த நான்கு நாளும் நான் சாப்பிட்டேன், சிரித்தேன், அம்மாவுக்கு ஒரு கடிதம்கூட எழுதினேன். மறைத்தவர்களை மன்னித்துவிட்டேன். அந்த நான்கு நாளை இன்னும் மன்னிக்கவில்லை. இப்போது நானே ஒருத்தியிடம் 'சும்மாதான்' என்று சொல்லிவிட்டேன்.

முற்றத்தின் ஓரத்தில் கைகழுவும் கல்தொட்டி. மூங்கில் கரண்டிகள் வரிசையாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. ஒன்று மட்டும் மல்லாந்து கிடந்தது. தண்ணீர் லேசாகப் பால்போலக் கலங்கியிருந்தது. தொட்டி விளிம்பில், பெரியவர்களின் முழங்கை உயரத்துக்கு வெகு கீழே, வெள்ளை விரல்தடங்கள். அரிசிமாவு இல்லை. முகப்பூச்சு.

"சாமிகிட்ட போறதுக்கு முன்னாடி கையும் வாயும்தான் கழுவுவாங்க," என்றான் இகரி. "முகத்தையே கழுவியிருக்கா. ஒரு மணி நேரம் உக்காந்து போட்ட மேக்கப். எங்க அக்கா பொண்ணா இருந்தா கண்ணாடியை விட்டு நகரவே மாட்டா."

"இகரி, அவ கழுவினது மேக்கப்பை இல்ல."

அவன் என்னைப் பார்த்தான். பிறகு தொட்டியைப் பார்த்தான். அவனுக்கும் புரிந்தது.

கிரீடத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறாள். தீட்டைத் தண்ணீரில் கழுவிப் பார்த்திருக்கிறாள். போதவில்லை என்று அவளுக்குத் தோன்றியிருக்கும். இழவு வீட்டுக்குப் போய்விட்டு வந்தால் வாசலில் நம்மேல் எதைத் தூவுகிறார்கள்? உப்பை. இன்று விடிகாலை, இந்தத் தீவின் ஆண்கள் எல்லோரும் சுத்தமாவதற்காகக் கடலில் எங்கே இறங்கினார்கள்? இவள் அலங்காரத்துக்குப் போகும் வழியில் அதைப் பார்த்திருப்பாள்.

"தமாயே, ஆம்பளைங்க இன்னிக்குக் காலையில முழுகின இடம் எது?"

"உப்புத்துறை. கிழக்குப் பாறைங்க. தண்ணி வத்தும்போது மட்டும்தான் இறங்க முடியும்." அவள் குரல் நடுவிலேயே மெலிந்தது. "உச்சிவேளைக்கு மேல ஏறிடும். கயிறெல்லாம் முங்கிடும்."

மணி பதினொன்றேகால்.

"போர்வை எடுத்துட்டு அங்க வாங்க. ஓடுங்க."

அவள் ஓடினாள். நாங்களும் இறங்கினோம். இகரி மூன்று வாயில்களையும் சுற்றிக்கொண்டுதான் இறங்கினான். ஒரு நொடிகூடப் பிந்தவில்லை. எனக்கு அவன்மேல் கோபம் வந்தது. அடுத்த கணமே கண் நனைந்தது.

கூடாரத்தில் நான் நிற்கவில்லை. கியூஸோவின் விழா உடையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே நடந்தேன். அறுபது வயது மனிதர், மறுக்காமல் கூடவே வந்தார். அதிலேயே பாதி பதில் இருந்தது.

"காலையிலேருந்து நீங்க இந்த வாயிலைத் தாண்டவே இல்ல. தம்பி பொண்ணு காணாமப் போயும் மேல ஏறல."

"யாராவது கீழ நின்னு..."

"கப்பலுக்கும் போன் பண்ணல. ஏன்னா கப்பல்லேருந்து உங்களுக்கு ஏற்கெனவே போன் வந்தாச்சு. எப்போ?"

அவர் என்னை முந்தி நடக்கப் பார்த்தார்.

"எப்போ?"

"நேத்து சாயங்காலம்." காற்றில் கரைந்துவிடும் குரல். "அலை அடிச்சுட்டுப் போயிடுச்சாம். உடம்பு கிடைச்சிடுச்சு. ததாஷி... என் தம்பி. நான்தான் அவனுக்கு நீச்சல் கத்துக் கொடுத்தேன். தமாயேகிட்ட நானே சொல்லிடறேன்னு கப்பல்காரங்ககிட்ட சொன்னேன். நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். ஒரே ஒரு நாள்மா. வீட்ல துக்கம்னு தெரிஞ்சா எங்க முறை அடுத்த வீட்டுக்குப் போயிடும். இருபத்து நாலு வருஷம் கழிச்சு நான் இருப்பேனா?"

"நீங்க தாண்டக்கூடாதுன்னு உங்களுக்குத் தெரியுது. குழந்தையை மட்டும் தாண்ட வைக்கப் பாத்தீங்களா?"

"ஏழு வயசு ஆகறவரைக்கும் புள்ளைங்க சாமியோடது. துக்கம் அதுங்க மேல ஒட்டாது. எங்க ஊர்ல அப்படித்தான். நான் சாமியை ஏமாத்தல."

"இதைச் சயோகிட்ட சொன்னீங்களா?"

அவர் நின்றுவிட்டார்.

"நான் போன்ல பேசினப்போ கதவுக்குப் பின்னால நின்னுட்டு இருந்தா. அம்மாகிட்ட சொல்லக்கூடாதுன்னு சுண்டுவிரல் கோத்து சத்தியம் வாங்கினேன். மத்தது... அவளுக்கே தெரியும்னு நினைச்சேன்."

பெரியவர்கள் எல்லோரும் இப்படித்தான் நினைக்கிறோம்.

உப்புத்துறையில் பாறைகள் கறுப்பாகப் பாதி மூழ்கிக் கிடந்தன. கடைசிப் பாறையில், காலையில் ஆண்கள் பிடித்து இறங்கக் கட்டிய கயிற்றை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு சயோ நின்றாள். தண்ணீர் அவள் இடுப்புக்கு வந்திருந்தது. பட்டுச் சட்டை கடலில் சிவப்பாக விரிந்து மிதந்தது. ஒவ்வொரு அலைக்கும் அவள் கண்ணை மூடித் தலையை முக்கினாள். எழுந்தாள். மறுபடி முக்கினாள். கூப்பிடவில்லை. அழவில்லை. வேலையாக இருந்தாள்.

"எனக்கு நீச்சல் தெரியாதுன்னு சொல்லியிருக்கேன்ல, மேடம்?" இகரி சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"சொல்லியிருக்கீங்க!"

"பொய். தெரியும்னா நீங்க இறங்கச் சொல்வீங்க."

குதித்தான்.

அந்த நாற்பது கெஜத்தை அவன் கடக்கும்வரை நான் என்ன நினைத்தேன் என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். பிரார்த்தனை வரவில்லை. ஒரு பெரிய அலை வந்தது. கயிறு மறைந்தது. சிவப்பு மறைந்தது. பக்கத்தில் கியூஸோ, தம்பியின் பெயரைச் சொல்லிக் கத்தினார். குழந்தையின் பெயரை அல்ல.

அலை வடிந்தது. இகரியின் தலை தெரிந்தது. அவன் கழுத்தைச் சுற்றி இரண்டு சின்னக் கைகள்.

கரையில் கொண்டுவந்து என் மடியில் போட்டான். அவள் உடம்பு ஐஸ்கட்டியாக இருந்தது. உதடு நீலம். வெள்ளைப் பூச்சு காதோரத்தில் மட்டும் மிச்சம். நெற்றிப் பொட்டுகள் கரைந்து கறுப்புக் கண்ணீர்போல இறங்கியிருந்தன. என்னைப் பார்த்தாள். பற்கள் தந்தியடிக்கக் கேட்டாள்.

"போயிடுச்சா?"

"எது, கண்ணு?"

"அப்பா செத்துப்போனது. என் மேல இருக்கு. நிறையக் கழுவினேன். போயிடுச்சா? போயிட்டா நான் குதிரையில ஏறிக்கறேன். பெரியப்பா திட்ட மாட்டார்."

கியூஸோ அப்படியே மணலில் உட்கார்ந்தார். விழா உடையின் தோள்கள் குலுங்கின.

"உன் மேல எதுவும் இல்லடா," என்றேன். "முதல்லேருந்தே இல்ல."

"பொய்," என்றாள் சயோ. என்னைப்போல எத்தனை பேரைப் பார்த்துவிட்டாளோ இந்த ஒரே நாளில். பிறகு அவசரமாக, "அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. சத்தியத்தை மீறினா ஆயிரம் ஊசி முழுங்கணும்," என்று சுண்டுவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி ஒளித்துக்கொண்டாள்.

கரைப்பாதையில் ஓட்டச் சத்தம். தமாயே. ஒரு தோளில் போர்வை, ஒரு கையில் செருப்பு. மகளைப் பார்த்ததும் அவளிடமிருந்து வந்த ஒலி எந்தச் சொல்லாகவும் இல்லை. போர்வையோடு சேர்த்து அவளை வாரி, முகமெல்லாம் முகர்ந்து, முதுகில் இரண்டு அடி போட்டு, மறுபடி இறுக்கிக்கொண்டாள்.

"ஏன்டி? ஏன்டி இப்படிப் பண்ணின? உங்கப்பா வந்தா நான் என்ன சொல்லுவேன்? சொல்லுடி!"

சயோ உதட்டைக் கடித்துக்கொண்டாள். மடக்கிய விரலை விடவில்லை.

இப்போது சொல்லவேண்டும். துப்பறிகிறவள் நான்தானே. வாயைத் திறந்தேன். இன்னும் பத்தடி போகட்டும் என்று நினைத்தேன். குழந்தைக்கு உடம்பு சூடாகட்டும் என்று நினைத்தேன். கியூஸோவும் இப்படித்தான் ஆரம்பித்திருப்பார்.

தமாயே குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊர்ப்பாதையில் நடந்தாள். கடலைப் பார்த்தபடி, பாதைக்குக் குறுக்கே, கல்லாலான பழைய தோரிவாயில் நின்றது. அதற்கு நான்கடி முன்னால் சயோ துள்ள ஆரம்பித்தாள்.

"இறக்கி விடு. அம்மா, இறக்கி விடு!"

"சும்மா இரு. காலெல்லாம் விறைச்சுக் கிடக்கு."

"இறக்கி விடு!"

வழுக்கி இறங்கி, அம்மாவின் விரலைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்தாள். தூணுக்கு வெளியே, முள்ளும் சிப்பியும் கிடந்த பக்கமாக.

"இந்தப் பக்கம் வரணும்."

"அங்க பாதையே இல்லையேடி."

"இந்தப் பக்கம்தான். நீயும்." சத்தியத்தை மீறாமல் எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவையும் அந்தக் குழந்தை சொல்லிவிட்டது. "நீயும்தான், அம்மா."

தமாயே நின்றாள்.

அவள் வாயிலைப் பார்த்தாள். காலையில் ஒவ்வொரு தூணையும் சுற்றியே நடந்த இகரியின் கால்களைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள், 'சும்மாதான்' என்று சொன்ன முகத்தை. கடைசியாக மணலில் உட்கார்ந்திருந்த கியூஸோவை நெடுநேரம் பார்த்தாள். மலையில் மேளம் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. குழந்தை கிடைத்துவிட்டது என்று அவர்களுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

அவள் குனிந்தாள். காலையிலிருந்து சுமந்த செருப்பைக் கீழே வைத்து, மகளின் ஈரக் காலுறையை உரித்து, முதலில் இடது கால், பிறகு வலது கால், அவசரமில்லாமல் மாட்டிவிட்டாள்.

"இன்னிக்கு எத்தனாவது நாள்?" என்று கேட்டாள், தலை நிமிராமல்.

கியூஸோவின் குரல் மணலுக்குள்ளிருந்து வந்ததுபோல இருந்தது.

"ரெண்டாவது."

தமாயே தலையாட்டினாள். பிறகு எழுந்து, மகள் இழுத்த பக்கமாக, தூணுக்கு வெளியே முள்ளில் கால்வைத்துச் சுற்றிப் போனாள்.